மூடிய இரும்புத் தொட்டிக்குள் ஆக்சிஜன் எங்கே போகிறது? 'விஷவாயு' இல்லாமலே உயிர் போவது எப்படி?

பேசின் பிரிட்ஜ் ரயில் நிலைய நடைமேடையில் பத்து நிமிடம் நின்றால் போதும், துருவின் எல்லா நிறங்களையும் பார்த்துவிடலாம். தண்டவாளத்தின் ஓரம் காபிப்பொடி நிறம். கம்பங்களின் அடியில் செங்கல் நிறம். பராமரிப்புக்காக யார்டில் நிற்கும் பழைய ரயில் பெட்டிகளில் பெயின்ட் உப்பிய இடத்தில் ஆரஞ்சு நிறம். இங்கிருந்து கடல் இரண்டு, மூன்று கிலோமீட்டர்தான். ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் என்று வடக்கே போகப் போக, உப்புக் காற்று இரும்பை என்ன செய்யும் என்பதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஜன்னல் கம்பி முதல் மொட்டை மாடி கேட் வரை எல்லா வீட்டிலும் அதே கதைதான்.

துரு என்றால் இரும்புக்கு வரும் நோய் என்றுதான் பலரும் நினைப்பார்கள். ஆனால் துருப்பிடிக்கும்போது இரும்பு மட்டும் குறைவதில்லை, சுற்றியுள்ள காற்றில் இருக்கும் ஆக்சிஜனும் குறைகிறது. ஒவ்வொரு கிராம் துருவுக்குள்ளும் காற்றில் இருந்து எடுக்கப்பட்ட ஆக்சிஜன் இருக்கிறது. திறந்த வெளியில் இது ஒரு பிரச்னையே இல்லை. புதுக் காற்று வந்துகொண்டே இருக்கும். ஆனால் மூடி போட்டு பல வாரங்கள் விடப்பட்ட இரும்புத் தொட்டிக்குள்? அங்கே போன ஆக்சிஜன் போனதுதான்.

அந்த மூடியைத் திறந்து உள்ளே இறங்கும் தொழிலாளிக்கு எந்த வாடையும் வராது, கண்ணும் எரியாது, இருமலும் வராது. ஆனாலும் சில விநாடிகளில் மயங்கி விழலாம்.

துறைமுகங்கள், எண்ணெய்த் தொட்டிகள், அனல்மின் நிலையங்கள், மீன்பிடிப் படகுகள் என்று எங்கு திரும்பினாலும் இரும்பு நிற்கும் வடசென்னைக்கு இது முக்கியமான விஷயம். இரும்புப் பரப்பில் ஆக்சிஜனுக்கு என்ன ஆகிறது? அது எப்படி மனித உயிரைப் பறிக்கிறது? தடுக்க என்ன செய்ய வேண்டும்? விரிவாகப் பார்க்கலாம்.

2007ல் வடகடலில் நடந்தது என்ன?

2007 செப்டம்பர் 23. பிரிட்டனுக்குக் கிழக்கே உள்ள வடகடலில் 'வைக்கிங் ஐலா' என்ற கப்பல் நின்றுகொண்டிருந்தது. கடலில் எரிவாயு எடுக்கும் மேடைகளில் ஆபத்து என்றால் ஓடிப்போய் ஆட்களைக் காப்பாற்றுவதுதான் அந்தக் கப்பலின் வேலையே.

நங்கூரச் சங்கிலி ஆடி ஆடிச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. அதை இறுக்கிக் கட்டுவதற்காக, சங்கிலியைச் சுருட்டி வைக்கும் இரும்பு அறைக்குள் இறங்கிய இரண்டு மாலுமிகள் சுருண்டு விழுந்தனர். அவர்களைக் காப்பாற்றப் போன மூன்றாவது மாலுமியால், முதுகில் மாட்டும் சுவாசக் கருவியோடு அந்தக் குறுகிய வழியில் நுழைய முடியவில்லை. அவசரத்துக்கு, ஆபத்தான இடத்தில் இருந்து தப்பித்து வெளியே வருவதற்கு மட்டுமே பயன்படும் சிறிய சுவாச முகமூடியைப் போட்டுக்கொண்டு இறங்கினார். அவரும் திரும்பவில்லை. மூவரும் அனுபவசாலிகள்.

பிரிட்டனின் கடல் விபத்து விசாரணை அமைப்பு இதை ஆராய்ந்தது. சங்கிலியும் அறையின் எஃகுச் சுவர்களும் துருப்பிடித்ததால் உள்ளே இருந்த ஆக்சிஜன் குறைந்துபோயிருந்ததுதான் காரணம். இறங்கும் முன் உள்ளே இருந்த காற்றை யாரும் சோதிக்கவில்லை.

இது நடந்து 17 நாள் கழித்து, அக்டோபர் 10ஆம் தேதி, அந்த ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. ஜெர்மனியின் கெர்ஹார்ட் எர்ட்டில் என்ற விஞ்ஞானிக்கு, திடப்பொருட்களின் பரப்பில் நடக்கும் வேதிவினைகளை ஆராய்ந்ததற்காக அது வழங்கப்பட்டது. இரும்பு ஏன் துருப்பிடிக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள இந்தத் துறை உதவுகிறது என்று நோபல் குழு அப்போது குறிப்பிட்டது. இரண்டு செய்திகளும் பேசியது ஒரே விஷயத்தைத்தான். ஆனால் அன்று யாரும் இரண்டையும் சேர்த்துப் பார்த்திருக்க வாய்ப்பில்லை.

காற்றில் இருக்கும்போது ஆக்சிஜன் ஏன் சும்மா இருக்கிறது?

காற்றில் சுமார் 21 சதவீதம் ஆக்சிஜன். விறகு, பேப்பர், துணி, பெட்ரோல் எல்லாமே ஆக்சிஜனோடு சேர்ந்து எரியக்கூடியவைதான். ஆனாலும் தானாக எதுவும் பற்றிக்கொள்வதில்லை, ஒரு தீக்குச்சி தேவைப்படுகிறது. ஏன்?

ஆக்சிஜன் காற்றில் தனியாளாகச் சுற்றுவதில்லை. இரண்டிரண்டு அணுக்கள் கைகோர்த்து ஒரு மூலக்கூறாகத்தான் இருக்கும். அந்தப் பிடி மிகவும் வலுவானது. ஒரு மோல், அதாவது 32 கிராம் ஆக்சிஜனில் உள்ள எல்லா ஜோடிகளையும் பிரிக்க சுமார் 498 கிலோ ஜூல் ஆற்றல் வேண்டும். ஒன்றரை லிட்டர் தண்ணீரை அறை வெப்பநிலையில் இருந்து கொதிநிலைக்குக் கொண்டுபோகத் தேவைப்படும் ஆற்றலுக்கு இது கிட்டத்தட்ட சமம்.

இந்த ஜோடி பிரிந்தால்தான் ஆக்சிஜன் வேறு எதனுடனும் முழுதாகச் சேர முடியும். தீக்குச்சியின் சூடு அந்த வேலையைத் தொடங்கி வைக்கிறது. சரி, துருப்பிடிக்கும் இரும்புக்கு யாரும் தீ வைப்பதில்லையே? அறை வெப்பநிலையில் இந்த ஜோடியைப் பிரித்தது யார்? அந்த வேலையைச் செய்வது உலோகத்தின் பரப்பு.

உலோகப் பரப்பில் நடப்பது என்ன?

பிளஸ் 2 வேதியியலில் 'புறப்பரப்பு வேதியியல்' என்று ஒரு பாடம் உண்டு. மார்க்குக்காகப் படித்துவிட்டு மறந்தவர்கள்தான் அதிகம். அதில் வரும் 'பரப்பு கவர்தல்'தான் இங்கே முதல் படி. ஸ்பாஞ்ச் தண்ணீரைக் குடிப்பது உறிஞ்சுதல். அது உள்ளே வரை போகும். பரப்பு கவர்தல் என்பது மேற்பரப்பில் மட்டும் ஒட்டிக்கொள்வது.

இரும்புத் துண்டின் உள்ளே இருக்கும் ஒவ்வொரு அணுவையும் சுற்றி எல்லாப் பக்கமும் வேறு இரும்பு அணுக்கள் இருக்கும். ஆனால் மேற்பரப்பில் இருக்கும் அணுவுக்கு ஒரு பக்கம் ஆளே இல்லை. அதன் கை ஒன்று காலியாக நீட்டிக்கொண்டே இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். பக்கத்தில் யார் வந்தாலும் பிடித்துக்கொள்ளத் தயார்.

காற்றில் பறந்து வரும் ஆக்சிஜன் மூலக்கூறு இந்தப் பரப்பில் மோதுகிறது. சாதாரண காற்றழுத்தத்தில், பரப்பில் உள்ள ஒவ்வொரு அணுவின் மீதும் விநாடிக்குக் கோடிக்கணக்கான முறை இப்படி மோதல் நடக்கிறது. அதன் பிறகு நடப்பது மூன்று படிகள்.

முதல் படி: மூலக்கூறு லேசாக ஒட்டுகிறது. இது 'இயற்பரப்பு கவர்தல்'. பிடி தளர்வானது, நினைத்தால் பறந்துவிடலாம்.

இரண்டாவது படி: உலோகத்தில் உள்ள எலக்ட்ரான்கள் ஆக்சிஜன் பக்கம் நகர்கின்றன. இதுதான் முக்கியமான இடம். அந்த எலக்ட்ரான்கள் போய் உட்காரும் இடம், ஆக்சிஜன் ஜோடியின் பிடியைத் தளர்த்தக்கூடிய இடம். எலக்ட்ரான் ஏற ஏற, இரண்டு அணுக்களுக்கும் இடையே உள்ள பிணைப்பு நீண்டு பலவீனமாகிறது.

மூன்றாவது படி: ஜோடி உடைகிறது. இரண்டு ஆக்சிஜன் அணுக்களும் தனித்தனியாக உலோகத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்கின்றன. இது 'வேதிப்பரப்பு கவர்தல்'. உடைப்பதற்குச் செலவான ஆற்றலைவிட, உலோகத்தோடு சேரும்போது கிடைக்கும் ஆற்றல் அதிகம். அதனால்தான் தீக்குச்சி தேவைப்படவில்லை. சுத்தமான இரும்புப் பரப்பில், அறை வெப்பநிலையிலேயே இது கண் இமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும்.

அதனால்தான் எர்ட்டில் போன்றவர்கள் சுத்தமான உலோகப் பரப்பை ஆராய, காற்றே இல்லாத வெற்றிடக் கலன்களைப் பயன்படுத்த வேண்டியிருந்தது. வெளியே வைத்தால் அளவெடுக்கும் முன்பே ஆக்சிஜன் பரப்பை மூடிவிடும்.

தங்கம் பளபளக்கிறது, இரும்பு மட்டும் ஏன் கெடுகிறது?

எல்லா உலோகமும் ஆக்சிஜனை ஒரே மாதிரி நடத்துவதில்லை. அதை வைத்துத்தான் ஒவ்வொன்றின் தலையெழுத்தும் அமைகிறது.

தங்கம்: சுத்தமான தங்கக் கட்டியின் பரப்பில் ஆக்சிஜன் ஜோடி சாதாரண வெப்பநிலையில் உடைவதே இல்லை. பாட்டியின் தாலி பேத்தி காலத்திலும் கறுக்காமல் இருப்பதற்கு இதுதான் காரணம்.

பிளாட்டினம்: ஜோடியை உடைக்கும். ஆனால் உடைந்த அணுக்களை இறுக்கிப் பிடிக்காது, கேட்டவருக்குக் கொடுத்துவிடும். கார்களின் புகைக்குழாயில் இருக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரின் ரகசியம் இதுதான். பிளாட்டினம், பல்லேடியம் பரப்பில் உடைந்த ஆக்சிஜன் அணு, நச்சுவாயுவான கார்பன் மோனாக்சைடோடு சேர்ந்து கார்பன் டை ஆக்சைடாக மாறி வெளியேறுகிறது. ஆனால் வண்டி குளிர்ந்திருக்கும்போது இது சரியாக வேலை செய்யாது. ஆக்சிஜன் உடைய, பரப்பில் அருகருகே இரண்டு காலி இடம் வேண்டும். கூட்டமான பஸ்ஸில் சேர்ந்து உட்கார இரண்டு சீட் தேடும் ஜோடி போல. குளிர்ந்த பரப்பில் கார்பன் மோனாக்சைடு எல்லா சீட்டையும் பிடித்து வைத்திருக்கும். சூடு ஏறி அது எழுந்த பிறகுதான் ஆக்சிஜனுக்கு இடம் கிடைக்கும்.

அலுமினியம்: ஆக்சிஜனை ஆவேசமாகப் பிடிக்கும். ஆனால் சில நானோமீட்டர் தடிமனில் உருவாகும் ஆக்சைடு படலம் கெட்டியான போர்வை போல மூடிக்கொள்ளும். ஒரு மில்லிமீட்டரை பத்து லட்சமாகப் பிரித்தால் அதில் ஒரு பங்குதான் நானோமீட்டர். அந்தப் போர்வையைத் தாண்டி ஆக்சிஜனால் எளிதில் உள்ளே போக முடியாது.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்: இதில் குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் இருக்கும். அந்தக் குரோமியம் இதே போல ஒரு காவல் படலத்தைப் போடுகிறது. பேசின் பிரிட்ஜ் யார்டிலேயே இந்த வித்தியாசத்தைப் பார்க்கலாம். பெரம்பூர் ஐ.சி.எஃப். 2018ல் பழைய வகைப் பெட்டிகளின் தயாரிப்பை நிறுத்திவிட்டு எல்.எச்.பி. பெட்டிகளுக்கு மாறியது. எல்.எச்.பி. பெட்டிகளின் உடல் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலால் ஆனது.

சாதாரண இரும்பு: ஈரமே இல்லாத காற்றில் இரும்பும் சில நானோமீட்டர் படலத்தோடு நின்றுவிடும். ஆனால் ஈரம் வந்தால் கதை மாறிவிடுகிறது. பரப்பில் படியும் மெல்லிய நீர்ப்படலம் ஒரு குட்டி பேட்டரி போல வேலை செய்கிறது. ஒரு இடத்தில் இரும்பு கரைந்து எலக்ட்ரானைக் கொடுக்கிறது. இன்னொரு இடத்தில் ஆக்சிஜன் அதை வாங்கிக்கொண்டு உடைகிறது. உப்பு சேர்ந்தால் இந்த மின்னோட்டம் இன்னும் சுலபமாக நடக்கும். உருவாகும் துருவும் பொருபொருவென்று உதிரக்கூடியது. அலுமினியத்தின் போர்வை மாதிரி அது காப்பாற்றாது. உள்ளே இருக்கும் இரும்பு மறுபடி மறுபடி வெளியே தெரியும்.

எலக்ட்ரான் கொடுக்கப்படுகிறது, ஆக்சிஜன் ஜோடி உடைகிறது என்ற அடிப்படை மட்டும் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். காரைக்குடியில் இருக்கும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனமான சிக்ரி, கடலோர அரிமானத்தை ஆராய்வதற்காக மண்டபத்திலும் ஒரு மையம் வைத்திருக்கிறது. நமது கடற்கரையில் இரும்பு படும் பாடு அந்த அளவுக்குப் பெரியது.

எவ்வளவு துருவுக்கு எவ்வளவு ஆக்சிஜன் போகும்?

ஒரு சின்ன கணக்கு போட்டுப் பார்க்கலாம். நீளம், அகலம், உயரம் எல்லாம் 3 மீட்டர் இருக்கும் ஒரு எஃகுத் தொட்டி. உள்ளே பெயின்ட் இல்லை, மூடி இறுக்கமாக மூடியிருக்கிறது.

தொட்டியின் கொள்ளளவு 27 கன மீட்டர். ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 270 கிராம் ஆக்சிஜன் இருக்கும். ஆக மொத்தம் தொட்டிக்குள் இருப்பது சுமார் 7.3 கிலோ ஆக்சிஜன். ஒரு கிலோ இரும்பு முழுதாகத் துருவாக மாற சுமார் 430 கிராம் ஆக்சிஜன் தேவை. அப்படியென்றால் உள்ளே இருக்கும் ஆக்சிஜனில் பாதியைத் தீர்க்க எட்டரை கிலோ இரும்பு துருப்பிடித்தால் போதும்.

எட்டரை கிலோ என்றால் நிறைய மாதிரி தெரியலாம். ஆனால் தொட்டியின் உட்பரப்பு ஆறு பக்கமும் சேர்த்து 54 சதுர மீட்டர். அதில் பரப்பிப் பார்த்தால், சுவரில் இருந்து வெறும் 20 மைக்ரான் தடிமன் இரும்புதான் போயிருக்கும். அதாவது 0.02 மில்லிமீட்டர். தலைமுடியின் தடிமனில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. அந்தச் சுவரைப் பார்த்து 'லேசாத்தான் துரு இருக்கு' என்று யார் வேண்டுமானாலும் சொல்வார்கள். ஆனால் காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதத்தில் இருந்து 12 சதவீதத்துக்கும் கீழே போயிருக்கும்.

இதற்கு எவ்வளவு நாள் ஆகும்? ஐ.எஸ்.ஓ. 9223 என்ற சர்வதேச தரநிலையின்படி, 'மிக அதிக அரிமானம்' உள்ள சூழலில் சாதாரண எஃகு முதல் ஆண்டில் 80 முதல் 200 மைக்ரான் வரை இழக்கும். அந்த வேகத்தில் 20 மைக்ரான் என்பது சில வாரங்கள் முதல் மூன்று மாதம் வரைதான். மூடிய தொட்டிக்குள் ஆக்சிஜன் குறையக் குறைய வேகமும் குறையும். உள்ளே எவ்வளவு ஈரம் இருக்கிறது என்பதைப் பொறுத்தும் மாறும். ஆனாலும் ஒரு மழைக்காலம் முழுக்க மூடிக் கிடந்த, அடியில் உப்புத் தண்ணீர் தேங்கிய தொட்டியைச் சந்தேகப்பட இந்தக் கணக்கே போதும்.

உள்ளே இறங்கினால் உடம்புக்கு என்ன ஆகும்?

காற்றில் ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் கீழே போனாலே அது பாதுகாப்பற்ற இடம் என்பது அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு விதி. உலகின் பல இடங்களில் இந்த அளவைத்தான் பின்பற்றுகிறார்கள். 16 சதவீதம் அளவில் இதயம் வேகமாகத் துடிக்கும், யோசிக்கும் திறன் குறையும். 10 சதவீதத்துக்கு வந்தால் மயக்கம். 6 சதவீதத்துக்குக் கீழே சில நிமிடங்களில் மரணம். ஆக்சிஜன் கிட்டத்தட்ட இல்லாத இடத்தில் ஓரிரு மூச்சிலேயே நினைவு போய்விடும். அப்போது நுரையீரலுக்குள் போகும் காற்று, ரத்தத்தில் ஏற்கனவே இருக்கும் ஆக்சிஜனையும் வெளியே இழுத்துவிடும்.

'மூச்சு முட்டினா மேலே ஏறி வந்துடலாமே' என்று தோன்றலாம். இங்கேதான் உடம்பு ஏமாற்றுகிறது. மூச்சு முட்டும் உணர்வு முக்கியமாக வருவது ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு கூடுவதால்தான். துருப்பிடித்த தொட்டிக்குள் ஒருவர் வழக்கம்போல மூச்சை வெளியே விட்டுக்கொண்டுதான் இருப்பார். கார்பன் டை ஆக்சைடு வெளியேறிக்கொண்டே இருக்கும். அதனால் பெரிதாக மூச்சு முட்டாது. சிலருக்கு லேசான மிதப்பு போலக்கூட இருக்கும். அடுத்த நொடி கால் மடங்கிவிடும்.

தமிழ்ச் செய்திகளில் இப்படிப்பட்ட மரணங்கள் எல்லாமே 'விஷவாயு தாக்கி உயிரிழப்பு' என்றுதான் வரும். கழிவுநீர்த் தொட்டிகளில் அது பெரும்பாலும் உண்மை. அங்கே ஹைட்ரஜன் சல்பைடு போன்ற நச்சு வாயுக்கள் இருக்கும். அழுகிய முட்டை வாடை ஓரளவாவது எச்சரிக்கும். ஆனால் அதே வார்த்தையைத் துருத் தொட்டிக்கும் போடும்போது ஒரு தவறான பாடம் மனதில் பதிகிறது. 'வாடை இல்லை, கசிவு இல்லை, உள்ளே எதுவும் இல்லை, அப்போ இறங்கலாம்' என்ற பாடம். துருத் தொட்டியில் ஆபத்தே உள்ளே எதுவும் இல்லை என்பதுதான். அங்கே எந்த வாயுவும் தாக்குவதில்லை. இருக்க வேண்டிய வாயு இல்லாமல் போயிருக்கிறது.

ஒருவர் விழுந்ததும் அடுத்தவர் இறங்குவதற்கும் இதுவே காரணம். மேலே நிற்பவருக்கு எந்த ஆபத்தும் கண்ணில் படாது. மாரடைப்பு, வழுக்கி விழுந்துவிட்டார் என்றுதான் நினைப்பார். வைக்கிங் ஐலா கப்பலில் மீட்புப் பயிற்சி பெற்றவர்களுக்கே அந்த நிலை என்றால் மற்றவர்களைச் சொல்ல வேண்டியதில்லை.

வடசென்னையில் எங்கெல்லாம் கவனம் தேவை?

சென்னைத் துறைமுகம், எண்ணூர் காமராஜர் துறைமுகம், காட்டுப்பள்ளி என்று மூன்று துறைமுகங்கள் வரிசையாக இருக்கும் பகுதி இது. கப்பலைச் சமநிலையில் வைக்கக் கடல்நீர் நிரப்பும் பேலஸ்ட் தொட்டிகள், நங்கூரச் சங்கிலி அறைகள், இரட்டை அடித்தளத்தின் காலி அறைகள் எல்லாம் இந்த ஆபத்துக்குப் பேர் போனவை. ஈரம், உப்பு, இரும்பு, மூடி என நான்கும் அங்கே ஒன்றாக இருக்கும்.

சரக்கும் இதைச் செய்யும். பழைய இரும்புத் துண்டுகள், கடைசல் பட்டறையில் இருந்து வரும் இரும்புச் சுருள்கள் ஏற்றிய கப்பல் அறையில் பரப்பளவு பல மடங்கு அதிகம். எனவே ஆக்சிஜன் இன்னும் வேகமாகத் தீரும். நிலக்கரி உலோகம் இல்லை என்றாலும் அதுவும் ஆக்சிஜனை இழுக்கும். அனல்மின் நிலையங்களுக்கு நிலக்கரி கொண்டுவருவதற்காகவே 2001ல் தொடங்கப்பட்ட எண்ணூர் துறைமுகத்துக்கு இது புதிய செய்தி இல்லை.

கரையிலும் இடங்கள் உண்டு. நீண்ட நாள் மூடிக் கிடக்கும் எண்ணெய் அல்லது தண்ணீர்த் தொட்டிகள், பராமரிப்புக்காக நிறுத்தப்பட்ட பாய்லர்கள், பெரிய குழாய்கள், எஃகுப் படகுகளின் அடி அறைகள் ஆகியவை எல்லாம் இந்தப் பட்டியலில் வரும்.

சட்டம் என்ன சொல்கிறது?

கப்பல்களுக்கு விதி தெளிவாக இருக்கிறது. சோலாஸ் என்ற சர்வதேசக் கடல் பாதுகாப்பு ஒப்பந்தத்தின்படி, 2015 ஜனவரி 1 முதல் மூடிய அறைக்குள் நுழைவது, மீட்பது பற்றி இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஒத்திகை நடத்த வேண்டும். 2016 ஜூலை 1 முதல் காற்றைச் சோதிக்கும் கைக்கருவி கப்பலில் கட்டாயம்.

கரையில், 1948ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 36வது பிரிவுதான் பல ஆண்டுகளாக அடிப்படை. தொட்டி, குழி, குழாய் போன்ற அடைபட்ட இடங்களுக்குள் ஆபத்து இருக்கலாம் என்றால், தகுதியுள்ள ஒருவர் சோதித்து எழுத்துப்பூர்வமாகச் சான்று தர வேண்டும். அல்லது இறங்குபவர் சுவாசக் கருவியும் கயிறு கட்டிய பெல்ட்டும் அணிந்து, கயிற்றின் மறுமுனையை வெளியே ஒருவர் பிடித்திருக்க வேண்டும். நல்ல விதிதான். ஆனால் அந்தப் பிரிவின் வாசகம் வாயு, புகை, ஆவி, தூசு ஆகியவை 'இருப்பதை'ப் பற்றியே பேசுகிறது. செய்தித் தலைப்பில் இருக்கும் அதே சிக்கல் இங்கேயும் எட்டிப் பார்க்கிறது. துருத் தொட்டியில் பிரச்னை ஒன்று இல்லாததுதான்.

இப்போது தொழிற்சாலைகள் சட்டம், துறைமுகத் தொழிலாளர் பாதுகாப்புச் சட்டம் உட்பட 13 சட்டங்களை ஒன்றாக்கிய தொழில் பாதுகாப்பு, சுகாதாரம் மற்றும் பணிச்சூழல் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்ததாக மத்திய அரசு அறிவித்துள்ளது. துறைமுகமும் ஆலையும் ஒரே சட்டத்தின் கீழ் வருவது ஒரு வசதி. ஆனால் மின்சாரம் பயன்படுத்தும் இடம் 'தொழிற்சாலை' எனக் கருதப்படுவதற்கான ஆள் எண்ணிக்கை 10ல் இருந்து 20 ஆகவும், ஒப்பந்தத் தொழிலாளர் விதிகள் பொருந்துவதற்கான எண்ணிக்கை 20ல் இருந்து 50 ஆகவும் உயர்ந்திருக்கிறது.

தொட்டி சுத்தம் செய்வது, துரு சுரண்டுவது, பெயின்ட் அடிப்பது போன்ற வேலைகளுக்கு நான்கைந்து பேர் கொண்ட குழுதான் பெரும்பாலும் வரும். எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்பது தொட்டிக்குள் இருக்கும் காற்றுக்குத் தெரியாது. வேலை கொடுக்கும் இடம், ஆள் எண்ணிக்கையைப் பார்க்காமல் சோதனையைக் கட்டாயமாக்குகிறதா என்பதில்தான் உயிர் இருக்கிறது.

என்ன செய்ய வேண்டும்? என்ன செய்யக் கூடாது?

* உள்ளே இறங்கும் முன் மூடியைத் திறந்து, ஊதுவிசிறி வைத்துப் புதுக் காற்றை அடி வரை செலுத்த வேண்டும். மூடியைத் திறந்து கொஞ்ச நேரம் விட்டாலே போதும் என்பது தவறு. மூலைகளில் பழைய காற்று அப்படியே நிற்கும்.

* ஆக்சிஜன் மீட்டரால் மேல், நடு, அடி என்று மூன்று மட்டத்திலும் வெளியே நின்றபடியே சோதிக்க வேண்டும். வேலை நடக்கும்போதும் மீட்டர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

* மெழுகுவர்த்தி, விளக்கை இறக்கிப் பார்ப்பது சோதனை ஆகாது. எண்ணெய் ஆவி இருந்தால் அதுவே வெடிக்கக் காரணமாகிவிடும்.

* வெல்டிங் சிலிண்டரில் இருந்து ஆக்சிஜனைத் திறந்துவிட்டு 'காற்றைச் சரி செய்வது' கூடவே கூடாது. ஆக்சிஜன் அதிகமானால் உடுத்தியிருக்கும் துணிகூட நொடியில் பற்றிக்கொள்ளும்.

* வெளியே ஒருவர் நின்றே ஆக வேண்டும். உள்ளே இருப்பவரின் பெல்ட்டில் கயிறு இருக்க வேண்டும்.

* ஒருவர் விழுந்துவிட்டால் சுவாசக் கருவி இல்லாமல் யாரும் இறங்கக் கூடாது. கயிறு இருந்தால் மேலிருந்து இழுக்கலாம், காற்றை உள்ளே செலுத்தலாம். உடனே 112 அல்லது 108, தீயணைப்புத் துறைக்கு 101.

* மூக்கில் கட்டும் துணி, சாதாரண மாஸ்க், வடிகட்டி பொருத்திய மாஸ்க் எதுவும் உதவாது. அவை அழுக்கை வடிகட்டும், இல்லாத ஆக்சிஜனைக் கொண்டுவராது.

மீட்டருக்குள் இருப்பதும் அதே வேதியியல்தான்

பரவலாகப் பயன்படும் கைக்கடக்கமான ஆக்சிஜன் மீட்டர்களுக்குள் ஒரு சின்ன சென்சார் இருக்கும். அதற்குள் இரண்டு உலோக முனைகள். ஒரு முனையில் காற்றில் இருந்து வரும் ஆக்சிஜன், எலக்ட்ரானை வாங்கிக்கொண்டு உடைகிறது. இன்னொரு முனையில் இருக்கும் ஈயம் அந்த எலக்ட்ரானைக் கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாக ஆக்சைடாக மாறுகிறது. இடையே ஓடும் மின்னோட்டத்தின் அளவுதான் திரையில் சதவீதமாகத் தெரிகிறது.

அதாவது தொட்டியின் சுவரில் நடக்கும் அதே வேலை, இங்கே கட்டுப்பாட்டோடு நடக்கிறது. ஈயம் தீர்ந்ததும் சென்சாரின் ஆயுளும் முடியும். அதனால்தான் இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை அதை மாற்ற வேண்டும். மாற்றாத மீட்டரைக் கையில் வைத்திருப்பதும், மீட்டரே இல்லாமல் இறங்குவதும் ஒன்றுதான். எனவே அடுத்த முறை தொட்டியைத் திறக்கும்போது சுவரில் துரு தெரிந்தால், 'இரும்பு போச்சே' என்று பார்ப்பதோடு நிற்காமல், மீட்டரை எடுத்து, அதில் சென்சார் மாற்றிய தேதியையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.